அச்சாபீஸ் பாய் போட்ட நாற்காலி

பத்திரிகையில் பயிற்சிக்கு வரும் மாணவனுக்கு முதலாளி என்னென்ன தரவேண்டும் என்று இப்போது ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். எண்பதுகளில் தர்மபுரியில் அச்சாபீஸ் பாய் எனக்குத் தந்ததைப்போல் இந்தப் பூமியில் எந்த முதலாளியும் தந்ததில்லை. தரவும் கூடாது.

பாய் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அது கல்யாணப் பத்திரிகை அச்சடித்த வரும்படியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் சென்னையில் இதழியல் படித்துக்கொண்டிருந்தேன். என் பெயரோடு ஒரு செய்தியாவது அச்சில் வந்தால்தான் தேர்ச்சி. எனக்கோ தெரியாத ஆளிடம் மணி கேட்கவே பயம்.

என்னைச் சேர்த்துவிட வந்த பேராசிரியர் கிளம்பும்போது, “பையனுக்கு மரியாதையா உட்கார ஒரு இடம் கொடுத்துடுங்க, போதும்” என்றார்.

பாய் நெஞ்சில் கை வைத்தார். “என் பொறுப்புங்க.”

மறுநாள் இண்டூர்ப் பக்கம் வைக்கோல்போர் எரிகிறது என்று தகவல். பாய் சைக்கிளை மிதித்தார். பின்னால் நான். என் மடியில் ஒரு இரும்பு மடக்கு நாற்காலி.

“இது எதுக்குங்க பாய்?”

“புரொபசருக்கு வாக்கு கொடுத்திருக்கேன் தம்பி.”

ஊரே குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பாய் தீக்கு எதிரே நாற்காலியை விரித்து, துண்டால் தட்டி, என்னை உட்காரவைத்தார். ஒரு பெரியவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருங்க இந்தத் தொரை? வூடு பத்துனா கட்டிலே போடுவீங்களா?”

பதற்றத்தில் நான் எழுந்து, போரைப் பறிகொடுத்தவரிடம் போய், “சௌக்கியமா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் தண்ணீரை என்மேல் ஊற்றினார். அது தீக்கு வைத்திருந்த தண்ணீர்.

அரூர் சந்தையில் மஞ்சள் விலை கேட்கப் போனோம். மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலியில் நான். ஏலக்காரன் என்று நினைத்து நாலு பேர் என்னிடம் விலை சொன்னார்கள். பயத்தில் நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். சந்தையை விட்டு எங்களை வழியனுப்பிவைத்தவர்கள் கையில் தராசுக்கல் இருந்தது.

உச்சம், கடத்தூர் தாண்டி ஒரு கிராமம். பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கலாம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது செய்தி. பாய் என்னைப் புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். நாற்காலி, பேண்ட், சட்டைப்பையில் பேனா. ஊர் முடிவுகட்டிவிட்டது. என் எதிரே வரிசை நின்றது.

“ஆபீசருங்களா, சேத்துத் தண்ணியத்தான் குடிக்கிறோங்க. புள்ளைங்களுக்குப் பேதி.”

நான் வாயைத் திறந்தேன். “ஆவன செய்யப்படும்” என்று வந்தது.

“எப்பங்க?”

“நாளைக்கு.”

கைதட்டினார்கள். எனக்கு மோர் வந்தது. குடிக்கத்தான் முடியவில்லை, பல் தந்தியடித்தது.

மறுநாள் காலை அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அச்சாபீஸுக்குள் புயலாக நுழைந்தார். காகிதம் வெட்டும் மேசைக்கு அடியில் நான் நுழைந்தேன்.

“எவன்யா அவன், உங்க நாற்காலியில உக்காந்து இன்னைக்குத் தண்ணி வரும்னு சொன்னது? ஊரே குடத்தோட என் வாசல்ல உக்காந்திருக்குது! அவன் காலேஜுக்கு எழுதறேன். படிப்பே முடிஞ்சுது!”

பாய் அப்போது என் செய்தியைத்தான் எழுத்தெழுத்தாகக் கோத்துக்கொண்டிருந்தார். அடியில் என் பெயர்.

“தம்பியை அனுப்புனது நானுங்க,” என்றார். “அவர் பேசுனா என் பத்திரிகை பேசுனாப்ல. எழுதறதா இருந்தா என்மேல எழுதுங்க.”

“அந்தச் செய்தி வரக்கூடாது பாய்.”

“வருமுங்க.”

“அப்படியா? என் பொண்ணு கல்யாணப் பத்திரிகை, என் சனத்தோட பத்திரிகை, அத்தனையும் இனிமே சேலத்துலதான்!”

பாய் அடுத்த எழுத்தை எடுத்துக் கோத்தார். அந்த ஆளின் சனம் பாதித் தாலுகா.

“பொண்ணு நல்லா இருக்கட்டுங்க,” என்றார். “குழாயை மட்டும் பாருங்க.”

தலைவர் போனார். செய்தி என் பெயரோடு வந்தது. அந்த வாரமே குழாயில் தண்ணீரும் வந்தது. தலைவர் சொன்னபடி கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் வரவேயில்லை.

அதெல்லாம் பிறகு. அப்போது நான் மேசைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன். பாய் டீ கிளாசைக் கையில் எடுத்தார். டீ அலம்பி, சட்டையெல்லாம் கொட்டியது.

“சூடு ஜாஸ்தி தம்பி,” என்றார்.

அந்த டீ வந்து வெகுநேரமாகி ஆடை கட்டியிருந்தது.

அப்புறம் எத்தனையோ பெரிய முதலாளிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். என்னைப் பயமுறுத்தியவர்கள் நிறையப் பேர். எனக்காகப் பயந்தவர் பாய் ஒருவர்தான்.