வெள்ளையில் மறைந்த மாப்பிள்ளை

அஸ்தினாபுரம்,
திங்கட்கிழமை.

பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி சாலமன் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் தபீதாளும் சுகம். அங்கே நீங்களும் சுகம் என்று விசுவாசிக்கிறேன். விசுவாசிக்க மட்டும்தான் முடிகிறது, நேற்று மத்தியானத்திலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லையே. வண்டலூருக்கு நேரிலேயே வந்துவிடலாம். ஆனால் நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் தபீதாள் தாங்கமாட்டாள். ஆகவே கூரியரில் இந்தக் கடிதம்.

நேற்று எங்கள் கோவிலில் நம் பிள்ளைகளின் கல்யாண அறிவிப்பு ஓலை முதல்முறை வாசிக்கப்பட்டபோது மாப்பிள்ளை மெர்வின் பெயர் வராமல் போனதற்கு ஆயர் காரணமல்ல, பிசாசும் காரணமல்ல, நான்தான். சபை அலுவலகத்தில் இருப்பது அரதப் பழைய லேப்டாப். படம், ஜன்னல் என்று எதைத் திறந்தாலும் மூச்சுவாங்கும். நானோ வேலைக் காலம் முழுக்க எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரையைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். ரிட்டயர் ஆன கை சும்மா இருக்குமா? ஆயர் அறிவிப்புகளைப் பார்த்து வாசிக்க வசதியாக, டெர்மினல் என்கிற அந்த எழுத்துத் திரையில் ஓடுகிற சின்ன புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். வாக்கியமெல்லாம் பச்சை, பெண் பெயர் சிவப்பு. மாப்பிள்ளை பெயர் மட்டும் எல்லாவற்றையும் விட எடுப்பாகத் தெரியட்டும் என்று நல்ல பளிச் வெள்ளை. மரியாதைக்காகத்தான் சம்பந்தி அந்த வெள்ளை! என் வீட்டுக் கறுப்புத் திரையில் மெர்வின் பெயர் அப்படி ஜொலித்தது. தபீதாளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் கண் கலங்கிவிட்டாள்.

கோவிலில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். "அஸ்தினாபுரம் ஜெபராஜ் தபீதாள் தம்பதியரின் குமாரத்தி டெபோராவுக்கும், வண்டலூர் சாலமன் அவர்களின் குமாரன்..." என்றதோடு ஆயர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். லேப்டாப் திரையில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. நல்ல மனுஷன், அவசரத்தில் "குமாரனுக்கும்" என்று பொதுவாக முடித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். சரியாக அந்த நொடியில்தானா நீங்கள் எழுந்து "ஐயா, ஒரு நிமிஷம்!" என்று கையைத் தூக்க வேண்டும்? உங்கள் மகன் பேரைத்தான் கேட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் பாடகர் குழு காணிக்கைப் பாட்டை ஆரம்பித்துவிட்டது, நீங்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கை தூக்கினது மட்டும் எல்லார் கண்ணிலும் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பாவே தடை சொல்கிறார் என்று பெண்கள் பக்கம் குசுகுசு. நீங்கள் கோபமாக வெளியே போனதும் அது ஊர்ஜிதமே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் குரோம்பேட்டை உறவில் இருந்து போன்: "ஏங்க, பையன் வீட்டுல வேணாம்னுட்டாங்களாமே?"

சபை கிளார்க் அசரியாவைப் பிடித்தேன். "கறுப்பு கண்ணுக்கு ஒரே பேஜாரா கீதுண்ணே, அதான் பின்னாடி வெள்ளையா மாத்திக்கினேன்" என்றான். அவனை என்ன சொல்ல? அவன் கண், அவன் திரை. எழுத்துக்கு இன்ன நிறம் என்று சொன்ன நான், அதற்குப் பின்னால் இன்ன நிறம் என்று சொல்லவேயில்லை. சொல்லாவிட்டால் புரோகிராம் அந்தந்த இடத்தில் இருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். என் வீட்டில் கறுப்பு என்றால் உலகமே கறுப்பு என்று நினைத்துவிட்டேன். வெள்ளை மேல் வெள்ளை, மாப்பிள்ளை காணோம்.

இப்போது திருத்திவிட்டேன். ஒரு நிறத்தைச் சொன்னால் இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது இதில் பாலபாடமாம். வயசான பிறகு படிச்சேன், என்ன பண்றது. ஆனா அதுக்கப்புறம் எனக்கு வேற ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகிட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது. டெபோரா எங்க வீட்டுல சத்தமாச் சிரிப்பா, சாப்பிடும்போது வாதம் பண்ணுவா, என் புரோகிராமைக் கிண்டல் பண்ணுவா. இங்க அது பளிச்சுன்னு தெரியுது. உங்க வீடு அமைதியான வீடு. நல்ல வீடுதான், குறை சொல்லலை. இதே பொண்ணு அங்க எப்படித் தெரிவா? அவ பேசாம ஒரு ஓரமா உட்கார்ந்திருந்தா அடக்கமான பொண்ணுன்னு நினைச்சுடாதீங்க சம்பந்தி. அவ காணாமப் போயிட்டான்னு அர்த்தம். எனக்கு அதுதான் பயம். உங்க சபையில ஓலையை நிறுத்தச் சொல்லிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்படியிருந்தால் தயவுசெய்து வாசிக்கச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு எங்கள் கோவிலில் இரண்டாம் ஓலை. மெர்வின் பெயர் எந்தத் திரையிலும் தெரியும்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். சமாதானத்தின் தேவன் நம் இரு வீட்டோடும், முக்கியமாக உங்களோடும், இருப்பாராக.

தங்கள் சம்பந்தியாகவே இருக்க ஆசைப்படும்,
ஜெபராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் டெபோரா வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, என்னை எந்த வீட்டுக்கு அனுப்பறீங்க? நானும் மெர்வினும் மாடம்பாக்கத்துல தனியா வீடு பார்த்தாச்சு. பெயின்ட் கலர் கூட சொல்லிட்டோம்" என்கிறாள். "சம்பந்திக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அங்கிள்கிட்ட சொல்ல மெர்வினுக்கு பயம்" என்றாள். நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை சம்பந்தி. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். என்மேல் இருக்கும் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் போனை எடுங்கள். இதை உட்கார்ந்து பேச எனக்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.