ரிஜெக்ட் அக்கா விட்டுவைத்த விரல்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஆட்களைக் கட்டைவிரலை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கும் ஒரே மனுஷி எங்கள் ரிஜெக்ட் அக்காதான். அடையாள அட்டை அலுவலகத்தில்கூட அதற்கு ஓர் இயந்திரம் தேவைப்படுகிறது. அக்காவுக்கு எதுவும் வேண்டாம்.

நானும் அப்படித்தான் மாட்டினேன். பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எல்லோருக்கும் பொதுவான ஓர் இணைய நூலகத்தில் ஏற்றும் தன்னார்வலர் குழு எங்களுடையது. தாளைப் பிடிக்கும் கட்டைவிரலும் சில சமயம் படத்தில் விழுந்துவிடும். சுங்கை பட்டாணியில் நடந்த முதல் கூட்டத்தில், லூனாஸிலிருந்து வந்திருந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைப் பிடித்துத் திருப்பினார்.

“நாப்பத்திரெண்டாம் பக்கம்!” என்று கத்தினார். “மெரூன் நெயில் பாலிஷ்! நீதானா அது? புத்தகத்துக்கே மருதாணி வச்சி விட்டுட்டியேம்மா!”

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. காற்றடைத்த கையுறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ‘ரிஜெக்ட்’ என்று கூடையில் எறிய வேண்டும். அந்தப் பழக்கத்தில், நாங்கள் அனுப்பும் பக்கங்களைச் சரிபார்க்கும்போதும் மடிக்கணினியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். தீர்ப்பும் அதே ஒற்றைச் சொல்தான்.

கோலா கெத்தில் ஊர் ஆசிரியர் ஒருவரிடம், “அண்ணே, வலது பக்கம் எடுக்குறப்ப மூச்சு விடுறீங்க. எழுத்து ஆடுது லா” என்றார். அவர் அன்றிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டே படமெடுத்து, எழுபதாவது பக்கத்தில் தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக்கொடுத்து எழுப்பினோம். அக்கா அதற்குள் படங்களைப் பார்த்து முடித்திருந்தார். “பாத்தீங்களா, எழுத்து எவ்ளோ தெளிவு!”

மெர்போக்கில் ஒரு கல்யாணம். மோதிரம் போட மாப்பிள்ளை கையை நீட்டினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மண்டபத்துக்கே கேட்கும்படி கிசுகிசுத்தார்: “சமையல் புத்தகம், கடைசிப் பக்கம்!” மாப்பிள்ளை கையைப் படக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். பெண் வீட்டார் பயந்தே போனார்கள்.

எனக்கு எரிந்தது. மறைப்பானேன்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பட்டதாரி. என் பட்டமளிப்புப் படத்தை அப்பா சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டுவார். அப்படிப்பட்ட நான் ஒன்பது பக்கத்தில், அட்டவணையோடு, ஒரு தரக்கட்டுப்பாட்டு வழிகாட்டி எழுதிக் குழுவில் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மறுநாள் அக்கா ஒரு குரல்பதிவு போட்டார்: “வெரல் தெரியக்கூடாது. நெழல் விழக்கூடாது. பக்கத்த முழுங்கக்கூடாது. அவ்ளோதான்.” ஊரே அதைப் பின்பற்றியது. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவர் அவர்!

அக்காவை ஜெயிக்க நான் தேர்ந்தெடுத்தது எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளி மண்டபத் திறப்புவிழா மலர். பக்க எண்கூடப் போடாத சின்னப் புத்தகம். இன்றைக்கு அது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஏன் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் “அதுல எம் பேரு இருக்கு” என்று சொல்வார். நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அந்த மலரை என் மடியில் வைத்து, “எங்க இருக்குன்னு பாரும்மா” என்றார். விரல் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். “இல்லப்பா. உங்க பேரு இதுல இல்ல.”

“போடாம விட்டிருப்பாங்க” என்று மலரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். என் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பு இல்லை. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த மலரைத்தான் படமெடுத்தேன். விரல் இல்லை, நிழல் இல்லை. அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் காலையில் அழைப்பு வந்தது.

“தங்கச்சி, ரிஜெக்ட் லா.”

“என்ன குறை? விரல் இருக்கா?”

“இல்ல.”

“நிழல்?”

“சுத்தமா இல்ல. நல்லா எடுத்திருக்க. ஆனா பக்கத்த முழுங்கிட்ட.”

“அக்கா, நான் ஒவ்வொரு பக்கமா எண்ணி எடுத்தேன்!”

“தலைமையாசிரியர் உரை இருக்கு பாரு, அந்தத் தாளு மெல்லிசு. அதோட முதுகு லேசா தெரியுது. நாலு வரிசையா சின்னச் சின்ன வரி. ஆனா அடுத்த படத்துல பந்து டீம் போட்டோ நிக்குது. அப்ப அந்த நாலு வரிசை எங்கம்மா போச்சு?”

மலரை எடுத்து மறுபடி எண்ணினேன்; எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். மலரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “ரெண்டு தாளு ஒட்டியிருக்கு. ரப்பர் பாலு.”

வாசலில் நின்ற அப்பா மெதுவாகச் சொன்னார்: “அது எங் கைதாம்மா. பால் எடுத்துட்டு நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய வாத்தியாரு பேரைக் காட்டுனாரு. இங்கயான்னு தொட்டுப் பாத்தேன். கையக் கழுவல.”

நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். “ஆலாமா, தண்ணி வச்சா தாளு போயிடும்! பவுடர் எடு” என்றார் அக்கா. கையுறைக்காரிக்கு ரப்பரின் குணம் தெரியாதா? பவுடரைத் தூவி, காய்ந்த பாலை விரல்நுனியால் உருட்டி உருட்டி, ஒரு நூலளவும் கிழியாமல் தாள்களைப் பிரித்தார். உள்ளே நான்கு வரிசையில் பெயர்கள். அக்கா ஒரு வரிகூடப் படிக்காமல் மலரை என் பக்கம் தள்ளினார்.

“நீ படி. இந்த வீட்டுல நீதான படிச்சவ.”

படித்தேன். மேடைக்கு மூங்கில் வெட்டித் தந்தவர்கள். மூன்றாவது வரிசை, ஐந்தாவது பெயர்: அ. முனியாண்டி.

“சத்தமா படிம்மா” என்றார் அப்பா. மூன்று முறை படித்தேன்.

ஓர் எழுத்துகூட வாசிக்காமல், தாளின் முதுகைப் பார்த்தே என் அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்தவர் மேல் பொறாமைப்படாமல் எப்படி இருப்பது?

அக்கா கிளம்பிய பிறகு அந்தப் பக்கத்தைப் படமெடுத்தேன். தாள் சுருண்டு சுருண்டு எழுந்தது. “இரும்மா” என்று அப்பா கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். தன் பெயருக்கு நேர் கீழே. கிளிப் கொண்டுவந்தேன், வேண்டாம் என்றார். நான்கு முறை எடுத்தேன், நான்கிலும் அதே விரல். அப்படியே அனுப்பினேன். அக்கா ‘ரிஜெக்ட்’ என்றதும் என்னென்ன பேசிச் சண்டை போடுவது என்று ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

சண்டைக்கு வேலையே வைக்கவில்லை அந்த மனுஷி. சரிபார்ப்புக் குறிப்பில், எந்தப் பக்கத்துக்கும் எழுதாத ஒரு வரியை எழுதியிருந்தார்: ‘விரல் இருக்கிறது. இருக்கட்டும்.’

அதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் பொறாமைதான். ஆனாலும் அப்பாவின் பெயரைப் பார்க்க அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம், முதலில் நான் தேடிப் படிப்பது அந்த ‘இருக்கட்டும்’ என்ற சொல்லைத்தான்.