ஏசி வேண்டாத மனிதர்

கத்திரி வெயில் தொடங்கிய அன்று தென்னரசு ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வருஷம் வீட்டுக்கு ஏசி, இல்லாவிட்டால் தனக்குச் சன்னியாசம். சன்னியாசிக்கும் வேர்க்குமே என்று தோன்றியதும் ஏசியிலேயே நின்றுவிட்டார்.

திண்டிவனத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஏசி வாங்குவது குற்றமில்லை. ஆனால் அவர் பிரபாவதியின் கணவர். பிரபாவதியோ மயிலம் சாலையில் புதிதாக எழும்பிய பசுமை மருத்துவமனையின் கட்டடப் பொறுப்பாளர். தடித்த சுவர், நடுவே முற்றம், கூரையெங்கும் சூரியத் தகடு. வார்டுகளில் ஏசி கிடையாது, வேப்பங்காற்றுதான். அந்த மருத்துவமனையை அவள் மாலைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. சாக்கை நனைக்கும் பொறுப்பு தென்னரசுக்கு.

"பிரபா, ஒரே ஒரு ஏசி. சின்னதுதான்."

"ஊருக்கெல்லாம் ஏசி வேணாம்னு சொல்லிக்கினு இருக்கேன். என் வீட்டுல மாட்டுனா எவன் மதிப்பான்?"

"படுக்கற ரூம எவன் வந்து எட்டிப் பாக்கப்போறான்?"

"செவுத்துக்கு வெளிய ஒரு பொட்டி தொங்குமே, அது இன்னா வவ்வாலா?"

தென்னரசு சாக்கை நனைக்கப் போனார். நனைத்த சாக்கில் ஒரு திட்டம் முளைத்தது. மனைவியின் வேலையில் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு உண்டு. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை உண்டு. அங்கே வாசற்படியிலேயே குளிரும். மறுநாள் கடையைப் பூட்டினார். பஸ் ஏறினார். அந்த வாசலில் நல்ல இடமாகப் பார்த்து மயங்கி விழுந்தார்.

சட்டைப் பையிலிருந்த காப்பீட்டு அட்டையைப் பார்த்ததும் தனி அறை கிடைத்தது. தலைக்கு மேல் ஏசி முனகியது. கல்யாணமான நாளாய் அவர் இருக்கும் அறையில் வேறு யாரோ முனகிக் கேட்பது அதுவே முதல்முறை. கண் சொருகியது.

அவர் மறந்தது ஒன்றுதான். பாலிசி பிரபாவதி பேரில். இவர் படுத்த மறு நிமிஷமே அவள் போனுக்குச் செய்தி போய்விட்டது.

மாலையில் வந்து நின்றாள். அழவில்லை.

"எப்படிங்க இருக்கு?"

"தலை சுத்துது, பிரபா."

"காலு மட்டும் தாளம் போட்டுக்கினு இருக்குது."

"அது நரம்பு."

"எல்லாம் சரியா இருக்குதுன்றாரே டாக்டரு."

"உள்ளுக்குள்ள இருக்கும்."

"இருக்கும், இருக்கும். காப்பீட்ட ஏமாத்துனதா ஆச்சுன்னா என் வேலைக்கே வேட்டு. அதனால க்ளெய்ம் வேணாம்னு சொல்லிட்டேன். ஜல்தி எழுந்திருங்க, எங்க ஆஸ்பத்திரில ஒரு நாள் வெச்சுப் பாக்கலாம்."

"வேணாம் பிரபா, சரியாப் போச்சு."

"உள்ளுக்குள்ள இருக்கும்னீங்களே."

மறுநாள் காலை, பசுமை வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் தென்னரசு வெந்துகொண்டிருந்தார். ஒரு கூட்டம் உள்ளே வந்தது. பசுமைச் சான்றிதழ் தரும் அதிகாரிகள் இருவர், மருத்துவமனையைத் தங்கள் பட்டியலில் சேர்க்கும் முன் பார்க்க வந்த காப்பீட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், கேமராவோடு ஒரு பையன். பிரபாவதி அவர்களை நேராகக் கணவரின் படுக்கைக்கு அழைத்துவந்தாள்.

"ஏசி இல்லாம கஷ்டமா இருக்குங்களா?" என்று பெரிய அதிகாரி கேட்டார்.

தென்னரசு வாயைத் திறந்தார். பிரபாவதி முந்திக்கொண்டாள். "சார், இவருக்கு மயக்கம் எப்படி வந்துச்சுன்னு முதல்ல நான் சொல்லிடட்டுங்களா?"

"கஷ்டமா?" என்றார் தென்னரசு அவசரமாக. "குளிருதுங்க. ஏசி எனக்கு எதுக்குங்க? வீட்டுலயே வேணாம்னுட்டேன்."

"புனிதா சிஸ்டர்," என்று செவிலியைக் கூப்பிட்டாள் பிரபாவதி. "இவருக்குக் குளிருதாம். ஒரு கம்பளி."

கம்பளி வந்தது. கழுத்துவரை போர்த்தினார்கள். வெளியே வேப்பமரம் ஓர் இலையைக்கூட அசைக்காமல், இரங்கல் கூட்டத்துக்கு வந்ததுபோல் நின்றது. பையன் படம் எடுத்தான்.

மருத்துவமனைக்குச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த வாரம் கடையைத் திறந்த தென்னரசு நிமிர்ந்து பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் மாடியில் பசுமை மருத்துவமனையின் பெரிய பேனர். கம்பளிக்கு மேல் அவர் முகம், சிரித்தபடி. கீழே கொட்டை எழுத்தில்: 'ஏசி எனக்கு எதுக்குங்க?' இனி இந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்து ஏசி விலை கேட்பது?

உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"பிரபா, அத எடுக்கச் சொல்லு. மானம் போவுது."

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு? பாவம் அந்தப் பையன், உங்க மூஞ்சில வழிஞ்ச வேர்வையக் கம்ப்யூட்டர்ல துடைக்கவே அரை நாளு உக்காந்தானாம்."