பசுமலை தோற்ற மூணாம் நாள்

என் வீட்டில் ஒரு துக்கம் நடந்துவிட்டது. செத்தது ஆள் இல்லை. பசுமலை புட்பால் டீம்.

மேலூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைனல். எதிரி மேலூர் டீம்தான். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் ஆல்பின் அடித்த கடைசிப் பந்து கோல் கம்பத்துக்கு மேலே போய், வேலிக்கும் மேலே போய், கரும்புக்குள் விழுந்தது. கப்பைக் கொடுத்து, போட்டோ எடுத்து, பந்தலைப் பிரித்த பிறகும் ரெண்டு பேர் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பைக்கில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிஜமாகவே அழுதேன்.

பாதி அழுகை டீமுக்கு. மீதிப் பாதி என் மீசைக்கு.

பொங்கலுக்கு மேலூர் போனபோது மாமியார் வீட்டுப் பந்தியில், கறிச்சோறு கொடுத்த தைரியத்தில், மச்சினன் சூரியபிரகாஷிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். "பசுமலை தோத்துச்சுன்னா மேலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு இந்த மீசையை எடுக்குறேன் மாப்ள." பந்தியே சாட்சி.

என் மீசை லேசுப்பட்டது இல்லை. பம்புசெட் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் மீசைக்கார அண்ணன். அழகுபாண்டி என்ற பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவி தமிழ்வாணிக்குத்தான் கல்யாணமான நாளிலிருந்தே அதைக் கண்டால் ஆகாது. காபியில் பாதியை அதுதான் குடிக்கிறது என்பாள்.

திரும்பி வரும் வழியில் யோசனை வந்தது. துக்கம் நடந்த வீட்டுக்காரன் அடுத்தவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கும் அவனை யாரும் கூப்பிட முடியாது. துக்கம் ஆறுவதற்குள் மேலூர்க்காரர்கள் மீசையை மறந்துவிடுவார்கள். இம்புட்டு மூளை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வந்ததும் நேரே கொல்லைப்பக்கம் போய், நீல ஜெர்சியைக் கழற்றிப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். அப்புறம் வீட்டுக்குள் நுழைந்தேன். தமிழ்வாணி தன் தம்பியோடு பேசிவிட்டு அப்போதுதான் போனை வைத்தாள்.

"தோத்துட்டீங்களாம்ல?"

"தோக்கலை வாணி, செத்துருச்சு. இது இனிமே துக்க வீடு. காரியம் முடியிற வரைக்கும் நான் எங்கேயும் வரமாட்டேன். மேலூருக்குச் சுத்தமா வரமாட்டேன்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப எல்லாத்தையும் முறையாச் செய்யணும்ல?"

"முறையாத்தான் செய்யணும்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். "ஒண்ணு குறையக் கூடாது" என்று வேறு சேர்த்துச் சொன்னேன்.

எழுந்து போய் கேஸை மூடினாள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதாம். கட்டில் மெத்தையைச் சுருட்டிவிட்டுத் தரையில் பாயைப் போட்டாள். டிவி வயரைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டு ஒச்சாயி அக்கா துக்கம் என்று கேள்விப்பட்டு இட்லி கொண்டுவந்தது. யாருக்கு என்ன ஆச்சு என்று அக்கா கேட்டதற்கு, அவருக்கு ரொம்ப வேண்டப்பட்டது என்று தமிழ்வாணி பெருமூச்சு விட்டாள். அக்கா பழக்கதோஷத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, என் கையைப் பிடித்து மனசைத் தேற்றிக்கச் சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் காபி இல்லை. கடைக்குப் போனாலும் குத்தமாம். பாயில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. போகட்டும், மீசை இருக்கே என்று அதைத் தடவிக்கொண்டேன்.

மூணாம் நாள் காலையில் சலூன் பேயாண்டி பெட்டியோடு வாசலில் நின்றான்.

"ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே" என்றான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"இவனை யாரு வரச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் தமிழ்வாணி. "இன்னைக்குக் காரியம்ல. கொள்ளி வச்சவரு மீசை எடுக்கணும்ல."

"நான் எங்கடி கொள்ளி வச்சேன்?"

"ஜெர்சிக்கு வச்சது யாரு? ஒச்சாயி அக்கா மாடியிலருந்து பாத்திருக்கு."

துக்கத்தில் பலவகை உண்டு, இது மீசையில் சேராத வகை என்று விளக்கப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இந்தா பாருங்க. துக்கம்னா மீசையை இங்க எடுக்கணும். துக்கம் இல்லேன்னா பஸ் ஏறி மேலூர்ல எடுக்கணும். உங்க மீசை, உங்க இஷ்டம். நான் எதுலயும் தலையிடலை."

குழாயடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எடுத்தால் நாலு சுவருக்குள் எடுத்ததாக இருக்கட்டும். வலது பக்கம் போனபோது கண்ணை மூடிக்கொண்டேன். பேயாண்டி கண்ணாடியைக் காட்டினான். அதற்குள்ளிருந்து எங்கள் பெரியம்மா என்னைப் பார்த்தது.

முகத்தைத் துடைப்பதற்குள் வாசலில் பைக் சத்தம். சூரியபிரகாஷ். கையில் அடுக்கு கேரியர். துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவருவது பெண் கொடுத்த வீட்டு முறையாம், அவன் அக்காதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஜெயித்ததற்கு அடித்த கிடாயின் வாசம் கேரியரிலிருந்து வந்தது.

அவன் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, மாமா எங்க?"

"இந்தா நிக்கிறாருல்ல."

கேரியரைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் என் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவன் கண் கலங்கிவிட்டது.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? விளையாட்டுக்குப் பேசுனது, மாமா மீசையில கை வைக்க வேணாம்னு ஞாயித்துக்கிழமையே அக்காகிட்ட போன்ல சொன்னேனே."

நான் தமிழ்வாணியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்து எனக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னான்" என்றாள். "துக்க வீட்டுல போய் எப்படி நல்ல சேதி சொல்றதுன்னுதான் சும்மா இருந்துட்டேன்."