பெரியவரின் நிதானம்

சின்ன லிவர் திரும்பி வர மறுத்தது.

கும்மிடிப்பூண்டி சுரங்கப்பாதையில் தேங்கிய சேற்றுத் தண்ணீரிலிருந்து அந்தப் பழைய ஜீப்பை மேலே ஏற்றிவிட்ட பெருமை, டிரைவர் சாலமோனுக்கு அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. பெரிய லிவர் வழக்கமான கியர். பக்கத்தில் இருக்கும் சின்னது, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கு. அதை ‘லோ’வில் தள்ளினால் யானை பலம் வரும், வேகம்தான் ஆமை வேகமாகிவிடும். சாலமோன் தள்ளிவிட்டான்.

சொந்த ஜீப்பாக இருந்தால் பரவாயில்லை. இது கம்பெனியை ஆரம்பித்து நடத்தி, போன வருஷம் காலமான பெரியவருடையது. அவர் இதை அவ்வளவு மெதுவாக ஓட்டுவாராம். வேலை கேட்பவர்கள் கூடவே நடந்து வந்து பேசி, கேட் வருவதற்குள் வேலையில் சேர்ந்துவிடுவார்களாம். ‘நிதானமே நம் வழி’ என்று வாசலில் அவர் படத்துக்குக் கீழே எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இன்று ஆயுதபூஜை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஜீப்பை எடுத்து, ராகுகாலம் வருவதற்குள் பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தினால் சாலமோனுக்கு வேலை நிரந்தரம் என்று பெரியவரின் மகன் மணவாளன் சொல்லியிருந்தார்.

சாலமோன் மெக்கானிக் பீட்டருக்குப் போன் போட்டான்.

“அந்தச் சின்ன லிவர்ல கை வெக்காதன்னு சொன்னனா இல்லியா? ரெண்டு நாள் அடிச்சி அத எடுத்து உட்டேன்யா!”

“வெச்சிட்டேன். இப்ப இன்னா பண்றது?”

“ரிவர்ஸ்ல லேசா எடுத்துகினே இழு.”

எடுத்தான். பின்னால், ரோட்டோரம் பூசணிக்காய் விற்கும் செல்வியின் தள்ளுவண்டி நின்றிருந்தது. காய்கள் ரோடெங்கும் உருண்டன.

“கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?” என்று கத்தினாள் செல்வி.

“இருந்திருந்தா இடிச்சிருக்க மாட்டேன்கா.”

“வாய் மட்டும் நல்லா ஓடுது. உங்க கம்பெனில திருஷ்டி சுத்துவாங்க இல்ல? ஏத்து எல்லாத்தையும்!”

காய்களோடு அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாலமோன் வெறுப்பில் லிவரை ஒரு உதை விட்டான். லிவர் அசையவில்லை, அதன் தலையிலிருந்த உருண்டை மட்டும் கழன்று விழுந்தது.

வேறு வழியில்லாமல் அப்படியே ஓட்டினான். இரண்டாவது கியருக்கு மேல் போனால் என்ஜின் அலறியது. சைக்கிள்கள் முந்தின. ஓர் எருமையும் முந்தியது. பூஜைக்காக ஜீப்பில் கட்டியிருந்த வாழைக்கன்று, மாலை, ஊர்கிற வேகம் எல்லாவற்றையும் பார்த்த மேளக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

“எந்தக் கோயில் ஊர்வலம்ணா?”

“ஊர்வலமும் இல்ல, ஒண்ணும் இல்ல! வழி உடுங்கப்பா, பேஜாரு பண்ணாதீங்க!”

மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? தெருவுக்குத் தெரு கற்பூரத் தட்டுகள் நீண்டன. கம்பெனி கேட்டுக்கு வந்தபோது பின்னால் ஒரு ஊரே நடந்து வந்துகொண்டிருந்தது. ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்ததில் சாலமோனுக்கு எந்த ஆறுதலும் இல்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டான்.

மணவாளன் ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

“சார், அது வந்து...”

“பேசாத! எங்க நைனா வர்றா மாதிரியே இருந்துச்சுப்பா. இந்தக் காலத்துல எவன் இவ்ளோ நிதானமா ஓட்றான்? இன்னிலேருந்து நீ பர்மனன்ட்!”

தொழிலாளர்கள் கை தட்டினார்கள். செல்வியின் காய்கள் நல்ல விலைக்குப் போயின. சாலமோனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கழன்ற உருண்டையைப் பாக்கெட்டுக்குள் அழுத்திக்கொண்டான்.

ஆரத்தி எடுக்க வந்த பெரியவரின் மனைவி கெங்கம்மாள், ஜீப்புக்குள் எட்டி மொட்டை லிவரைப் பார்த்தார். பிறகு சாலமோனின் காதருகே குனிந்தார்.

“பயப்படாதப்பா. இது மாட்டிக்கினத வெளிய சொல்ல வெக்கப்பட்டுகினுதான், அவரும் இருவது வருஷம் நிதானமா ஓட்டினாரு.”