லாரியைப் பார்த்து ‘கார்’ என்றது

இரண்டாம் பாதையில் லாரி நின்றது. தடுப்புக் கம்பி எழவில்லை. திரையில் ‘கார்’ என்று வந்து, காருக்கான கட்டணமும் கழிந்து, வண்டியோடு பொருந்தாததால் எல்லாம் பூட்டிக்கொண்டது.

"லாரியப் பாத்து காருன்னு சொல்லுது சார்," என்றாள் கட்டணக் கூண்டுக்குள் இருந்த பெண்.

லாரியின் மூக்கருகே நின்ற மேற்பார்வையாளர் திரையை எட்டிப் பார்த்தார். சுங்கச்சாவடியின் புது ஏற்பாடு அவருடையது. கண்ணாடியில் கட்டண டேக் ஒட்டிய வண்டிகளுக்கு நடுப்பாதைகள், காசு கொடுப்பவர்களுக்கு ஓரப்பாதை. கடைசி நேரத்தில் யாரும் குறுக்கே பாய வேண்டியதில்லை. போன மாதம் அப்படிப் பாய்ந்த வேன் ஒன்று கூண்டில் மோதி, உள்ளே இருந்தவரின் கையை முறித்துவிட்டது. அன்றிலிருந்து மேற்பார்வையாளருக்குத் தூக்கமே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி இன்று ஒரு நாள் வெள்ளோட்டத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார்.

தலைமைப் பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்டிப்பான பெண்மணி.

"நான் கிளம்புறதுக்குள்ள ஒழுங்கா ஓடலைன்னா, நாளைக்கே பழையபடி மாத்திடுங்க."

"ஓடிடும் மேடம்."

சட்டைப் பையில் கைபேசி அலறியது. மனைவி. துண்டித்தார்.

லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். பின்னால் இருந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார். மேற்பார்வையாளர் முன்னால் ஓடி, கையை ஆட்டி ஆட்டி லாரியை மூன்றாம் பாதைக்கு அழைத்து வந்தார். அங்கும் ‘கார்’. அதுவும் பூட்டிக்கொண்டது.

"சார், இங்க இப்ப நல்லா ஓடுது," இரண்டாம் பாதைப் பெண் குரல் கொடுத்தாள். "நீங்க அந்தப் பக்கம் போனதுமே சரியாயிடுச்சு."

"கிண்டல் பண்ற நேரமாம்மா இது?"

மறுபடி மனைவி. மறுபடி துண்டித்தார்.

காலியாகக் கிடந்த நான்காம் பாதையாவது வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடினார். அவர் போய் நின்றதும் கம்பி மரியாதையாக எழுந்து வழிவிட்டது. வண்டி எதுவும் இல்லை. அவர் மட்டும்தான் நின்றார்.

கம்பி எழுந்ததை ஓரப்பாதை வரிசையில் நின்ற வேன்காரர் பார்த்துவிட்டார். சும்மா இருப்பாரா? சட்டென்று குறுக்கே வெட்டினார். இரண்டாம் பாதைக்கு வந்துகொண்டிருந்த பஸ் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிதான் மிச்சம்.

யாருக்கும் அடியில்லை.

"இதைத் தடுக்கத்தானே இந்த ஏற்பாடுன்னு சொன்னீங்க?" என்றார் பொறியாளர், குரலை உயர்த்தாமல்.

மேற்பார்வையாளருக்கு அழுகை வரும்போல் இருந்தது. கைபேசி மீண்டும் அலறியது.

"எடுங்க. வீட்ல என்ன அவசரமோ," என்றார் பொறியாளர்.

அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. சாவடி முழுக்க மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, காரு நம்ம வாசல்லயே நிக்குது, ஆனா நீங்க டோலைத் தாண்டித் தாண்டிப் போறதா எனக்கு மெசேஜ் மேல மெசேஜ் வருது, காலையில கண்ணாடியில ஒட்டச் சொல்லிக் குடுத்த புது டேக்கை இன்னும் சட்டைப் பையிலயேவா வெச்சிருக்கீங்க?"