பிறக்கிராசி நடத்திய மோட்டார் சைக்கிள் வழக்கு

மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு, அதிலிருந்து விழுந்தவர்கள் நிறையவே உண்டு. ஆனால் மோட்டார் சைக்கிளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளவத்தையில் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார் என்பதை நான் பெருமையோடு சொல்லவில்லை. முதுகு வலியோடு சொல்கிறேன்.

அவரை நாங்கள் பிறக்கிராசி, அதாவது வக்கீல், என்போம். உண்மையில் அவர் பிறக்கிராசி அல்லர். கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் கந்தோர் வைத்திருந்த ஒரு பிறக்கிராசியிடம் இருபது வருடமாகக் கிளாக்கர். வழக்குக் கட்டுகளுக்குச் சிவப்பு நாடா கட்டுவதும், காணி உறுதிப் பத்திரங்களுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பதும்தான் வேலை. ஆனால் முதலாளியின் தலையில் இருந்ததைவிட அதிகமான சட்டம் இவருடைய நாக்கில் இருந்தது. தெருவில் கூடையோடு வந்த மரக்கறிக்காரனிடம், "இந்த வெண்டிக்காய் இண்டைக்குப் பிடுங்கினது எண்டதுக்குச் சாட்சி ஆர்?" என்று கேட்டார். அவன் அடுத்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கைப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

இப்படிப்பட்டவரோடு பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவர் பாக்கியம் அக்கா. பொறுமைசாலி. அவருடைய பொறுமை ஒரு மீன் குழம்பில் முடிந்தது. குசினிக் கதவைப் பூட்டாமல் விட்டது பிறக்கிராசி. உள்ளே புகுந்து சட்டியை நக்கியது தெருநாய். ஆனால் குற்றவாளி பாக்கியம் அக்காதான் என்று இரண்டு மணி நேரம் வாதாடி நிரூபித்தார் பிறக்கிராசி. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து முழுவதையும் கேட்டேன். அருமையான வாதம். தீர்ப்பு வந்ததும் அக்கா சூட்கேசை எடுத்துக்கொண்டு, தமையனுடைய காரில் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஒழுங்கைக்காரர்கள் என்னைக் கொட்டாஞ்சேனைக்குத் தூது அனுப்பினார்கள். அக்கா எனக்குக் கோப்பி தந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. ஒருக்கா, ஒரே ஒருக்கா, 'பிழை என்னில' எண்டு அவர் தன்ர வாயால சொல்லட்டும். அடுத்த நிமிசம் வெளிக்கிடுறன்."

திரும்பி வந்து சொன்னேன். பிறக்கிராசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எல்லோ, தம்பி. புதுக்கடையில இருபது வருசம் இருந்தவன் தனக்கு எதிராத் தானே வாக்குமூலம் குடுப்பானே?"

"அப்ப அக்கா வரமாட்டா, அண்ணை."

"வருவா. போன விதம் பிழை. காரில போனவளைப் பஸ்ஸில கூட்டிக்கொண்டு வரேலாது. நான் சொந்த வாகனத்தில போய் வாசல்ல இறங்கினால் கதை வேற."

அந்தச் சொந்த வாகனம் களனியில் கிடந்தது. பிறக்கிராசியின் கந்தோர் நடத்திய காணி வழக்கில் வென்ற ஒரு சிங்கள முதலாளி, கூலியைக் கொடுத்த கையோடு தன் மாட்டுக் கொட்டிலில் பத்து வருடமாகக் கிடந்த பழைய சைட்கார் மோட்டார் சைக்கிளைக் காட்டி, "மாத்தயா, மேக்கத் அரங் யன்ன" என்றார். இதையும் கொண்டு போங்கள் என்று அர்த்தம். கொட்டிலைத் துப்புரவாக்க அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. செய்த கொம்பனியின் பெயர்த் தகடுகூடக் கழன்று போயிருந்தது. சைட்காருக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கோழியைத் தூக்கப் போனேன். பிறக்கிராசி என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடியிருக்கிற ஆளை நோட்டீஸ் இல்லாமல் எழுப்பேலாது, தம்பி." கோழி குஞ்சு பொரித்து வெளியேறும்வரை இரண்டு கிழமை பொறுத்திருந்துதான் வண்டியை எடுத்தோம். பெண்சாதியிடம் காட்டாத தாராளத்தைக் கோழியிடம் காட்டினார் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஆதாரம் கேட்பார்.

பிறகு தொடங்கியது திருப்பணி. சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி எடுத்தோம். புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கழற்றிய ஒவ்வொரு சாமானையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கடதாசித் துண்டைச் சிவப்பு நாடாவால் கட்டி, "சான்றுப் பொருள் ஒன்று", "சான்றுப் பொருள் இரண்டு" என்று எழுதினார். எழுபத்து மூன்று வரை போனது. மேசையில் இடமில்லாததால் பிறக்கிராசி ஒரு மாதம் நின்றபடியே சாப்பிட்டார்.

ஆள் விளையாட்டாகச் செய்தார் என்று நினைக்கவேண்டாம். கந்தோரால் வந்ததும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு நட்டையும் துணியால் துடைத்து விளக்கில் பிடித்துப் பார்ப்பார். துரு போன இடத்தில் கறுப்பு மை பூசினார். சைட்கார் இருக்கைக்குப் புதுப் பஞ்சு வைத்துத் தானே தைத்தார். கடைசித் தையலைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். "அவவுக்கு இடுப்பு வலி இருக்கு," என்றார்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. பெற்றோல் கூப்பனுக்குத்தான். ஒவ்வொரு துளியும் பிறக்கிராசிக்குத் தீர்த்தம். பெற்றோல் தாங்கியின் மூடியில் குண்டூசித் தலை அளவு ஓட்டை ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்தார். "இதாலதான் ஆவியாப் போகும். மழைத் தண்ணியும் இறங்கும்." உடனே கந்தோர் அரக்கை உருக்கி ஓட்டையில் விட்டு, அதன் மேல் முத்திரையும் குத்தினார். மோட்டார் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது விளங்க இன்னும் ஐந்து ஞாயிற்றுக்கிழமை கிடந்தது.

முதல் ஞாயிறு, வெள்ளைக் கோட்டு, கழுத்துப்பட்டி சகிதம் பிறக்கிராசி ஏறி உதைத்தார். வண்டி பிடித்துக்கொண்டது. ஒழுங்கை நாய்கள் எல்லாம் கடற்கரைப் பக்கம் ஓடின. நான் சைட்காரில். பம்பலப்பிட்டிக் கோயில் வாசலுக்கு வந்ததும் எஞ்சின் இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது.

"ஒண்டையும் தொடாதை," என்றார் பிறக்கிராசி. சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார். "முதல் பெற்றோலை விசாரிப்பம்." மூடியைத் திறந்தார். உஸ் என்றொரு சத்தம். எட்டிப் பார்த்தார். "இருக்கு. பெற்றோல் நிரபராதி." மூடியை இறுக்கினார். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி உதைத்தார். வண்டி புறப்பட்டது.

"பிளக்தான் குற்றவாளி," என்று எழுதினார்.

"அப்ப போவமே, அண்ணை."

"குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு மச்சான்ர வாசலுக்குப் போறதோ? அங்க நிண்டு போச்செண்டால்?" திருப்பினார். வீட்டுக்குச் சற்று முன்னால் அது மறுபடியும் நின்றது. அங்கிருந்து நான் தள்ளினேன்.

அடுத்த ஞாயிறு புதுப் பிளக். அதே கோயில் வாசல். பிளக் விடுதலை, அதற்குப் பொறி கொடுக்கும் மக்னெற்றோமேல் குற்றப்பத்திரிகை. அதற்கடுத்த ஞாயிறு காபரேற்றர். ஒவ்வொரு முறையும் ஒழுங்கு மாறாமல் முதலில் பெற்றோல் மூடியைத் திறந்து பார்ப்பார், பிறகு அன்றைய சந்தேக நபரைக் கழற்றிப் பூட்டுவார், வண்டி புறப்படும், வீட்டுக்குத் திரும்புவோம். ஒரே நாளில் இரண்டு பேரைக் குற்றம் சாட்ட மாட்டார். அது நீதி அல்லவாம்.

நாலாவது ஞாயிறு, கோயில் வாசல் தேங்காய்க் கடைக்காரர் பொறுமையிழந்தார். "ஐயா, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையுங்கோ." மூடி திறந்து மூடிய நேரத்தில் நான் ஒரு தேங்காயை உடைத்தேன். வண்டி முதல் உதையிலேயே பிடித்தது. கடைக்காரர் கும்பிட்டார். பிறக்கிராசி மட்டும், "பிள்ளையாரைச் சாட்சிக் கூண்டில ஏத்தேலாது. தள்ளுபடி," என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

இதற்குள் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான். கொழும்பில் பாதிப்பேர் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள். 'இந்த ஞாயிறு வருவார்' என்று கிழமைக்குக் கிழமை நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக, கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவின் கடிதம் எனக்கு வந்தது. தமையன் குடும்பம் திங்கட்கிழமை காலை ரயிலில் யாழ்ப்பாணம் போகிறதாம். தானும் போகிறாராம். "ஞாயிறு ஞாயிறாய் யன்னலடியில் இருந்து பார்த்துக் களைத்துப் போனேன், தம்பி," என்று எழுதியிருந்தார்.

கடிதத்தைப் பிறக்கிராசியிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். வழக்கமாகக் கடிதத்தில் எழுத்துப் பிழை பார்ப்பவர், அன்று பார்க்கவில்லை. "ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டா," என்றார்.

"பஸ்ஸில போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ, அண்ணை."

"இவ்வளவு செய்துபோட்டோ?"

அந்த ஞாயிறு நாங்கள் திரும்பவில்லை. பம்பலப்பிட்டியில் நின்றது, மூடியைத் திறந்து, பிளக்கைப் பிடித்து, விட்டோம். கொள்ளுப்பிட்டி தாண்டி நின்றது, மக்னெற்றோ. காலிமுகத்திடலில் நின்றது, காபரேற்றர். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வந்து உதைத்துப் பார்த்து, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். புறக்கோட்டையில் குற்றம் சாட்ட வேறு சாமான் மிஞ்சியிருக்கவில்லை. பிறக்கிராசி ஹோர்னைக் கழற்றிப் பூட்டினார். அதற்கும் வண்டி புறப்பட்டது. வெள்ளைக் கோட்டு கறுப்பாகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் மைத்துனர் வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மறுபடியும் நின்றது. நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டு போய் வாசலில் சேர்ந்தோம். சொந்த வாகனத்தில் போய் இறங்குவது என்பது இப்படித்தான் முடிந்தது.

பாக்கியம் அக்கா படியிறங்கி வந்தார். புருசனைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார், சைட்கார் இருக்கையை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு பெற்றோல் மூடியில் கண் நின்றது.

"இதென்ன சிவப்பா?"

"அரக்கு," என்றார் பிறக்கிராசி. "ஓட்டை ஒண்டு இருந்தது. பெற்றோல் ஆவியாப் போகாமல்..."

"இஞ்சாருங்கோ, தகரப் பால் ரின்னில ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வருமே? காத்துப் போக மற்றப் பக்கம் இன்னொரு ஓட்டை போடவேணும். இது குசினியில நிக்கிற எல்லாருக்கும் தெரியும்."

கொண்டை ஊசியை உருவி, முத்திரையோடு சேர்த்து அரக்கைக் கிளறி எடுத்தார். உஸ் என்று காற்று உள்ளே போனது. "இப்ப உதையுங்கோ."

உதைத்தார். எஞ்சின் பிடித்தது. ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடியது. பத்து நிமிடம் ஓடியது. நிற்கிற எண்ணமே அதற்கு இல்லை. மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று உள்ளே போயிருக்கிறது. அது போதும்வரை பெற்றோல் இறங்கி வண்டி ஓடியிருக்கிறது. எழுபத்து மூன்று சான்றுப் பொருளும் நிரபராதிகள்.

அக்கா எஞ்சினை நிறுத்தச் சொன்னார். "அரக்கு வைச்சது ஆர்?"

பிறக்கிராசி என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அங்கே சாட்சி ஒருவரும் இல்லை.

"நான்தான்," என்றார் கடைசியில். தலை குனிந்திருந்தது. "பிழை என்னில."

"மீன் குழம்பு?"

"அதுவும் நான்தான். கதவு பூட்டேல்லை. அண்டைக்கே எனக்குத் தெரியும்."

அக்கா உள்ளே போனார். யாழ்ப்பாணத்துக்குக் கட்டி வைத்திருந்த சூட்கேசோடு திரும்பி வந்து சைட்காரில் ஏறிக்கொண்டார். சைட்காரில் ஒரு ஆளுக்குத்தான் இடம். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் கறுத்துப்போன கோட்டோடு அந்த மனிதர் தலை குனிந்து நின்ற இடம் வரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருக்கும்.